மேஸ்திரிக்குப் பத்து நாள்

பூனை தண்ணீர்த் தொட்டியை விட்டு நகரவே இல்லை.

அத்தாயி அதை முதலில் கவனித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கோழிக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் சிமென்ட் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, மேஸ்திரி என்று பெயர் வாங்கிய அந்தப் பூனை நக்கி நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. முட்டை எடுக்க உள்ளே போனவள் முட்டை நிறைந்த அட்டைகளோடு திரும்பி வந்தபோதும் குடித்துக்கொண்டிருந்தது. மறுநாளும் அப்படியே. வியாழக்கிழமை தட்டில் வைத்த மத்தி மீனை அது மோந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, இவனுக்கு ஒடம்பு செரியில்லைங்க" என்றாள் புருஷனிடம். "முதுகெலும்பு கைக்குத் தட்டுது பாருங்க. நாமக்கல் கொண்டுபோயிக் காட்டிப் போடலாம்."

மணிமாறன் குனிந்து பூனையின் முதுகைத் தடவினார். அவள் சொன்னது சரிதான். ரோமத்துக்குக் கீழே மணி மணியாக எலும்பு.

"வயசாச்சில்ல புள்ள. பதினஞ்சு வருசமாச்சு. நாளைக்கு முட்டை லாரி வருது, சனிக்கிழமை தீவன லோடு எறங்குது. ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரி இருக்காது. திங்கக்கிழமை போலாம்."

"செரிங்க. ஆனா ஒண்ணு. அதுவரைக்கும் உங்க கோழி மருந்தை எடுத்து இவன் வாயில ஊத்திப் போடாதீங்க. அவன் கோழி இல்லை."

"நான் எதுக்கு ஊத்தறேன்" என்றார் மணிமாறன்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நாமகிரிப்பேட்டையைச் சுற்றி ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு மணிமாறனுக்குப் பாதி டாக்டர் என்று பெயர். பன்னிரண்டாயிரம் முட்டைக்கோழிகளை முப்பது வருடமாக வளர்க்கிறவர். எச்சத்தின் நிறத்தைப் பார்த்தே என்ன நோய் என்று சொல்லிவிடுவார். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் செத்த கோழியைப் பையில் போட்டுக்கொண்டு முதலில் வருவது அவரிடம்தான். தீவன அறையின் அலமாரியில் மருந்து பாட்டில்கள் வரிசையாக நிற்கும். எது எத்தனை லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

பூனை அவர்கள் வாங்கியதல்ல. பதினைந்து வருடத்துக்கு முன்னால் கர்நாடகத்திலிருந்து மக்காச்சோளம் ஏற்றி வந்த லாரியில் மூட்டைகளுக்கு நடுவே கத்திக்கொண்டு வந்து சேர்ந்தது. உள்ளங்கை அளவுதான் இருந்தது. ஆறு மாதத்தில் தீவன அறையில் ஒரு எலி மிச்சமில்லை. காலையில் மணிமாறன் கொட்டகைகளைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினால், வாலை நேராகத் தூக்கிக்கொண்டு அவருக்கு நாலடி முன்னால் அது நடக்கும். கூண்டு கூண்டாக நின்று பார்க்கும். வேலையாட்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் அவர்களையும் நின்று பார்க்கும். பண்ணையில் வேலை செய்யும் சின்னண்ணன்தான் பெயர் வைத்தார். "மொதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க. இந்த மேஸ்திரி பார்வைதான் தாங்க முடியலை."

வெள்ளிக்கிழமை காலை மணிமாறன் சுற்றிப் பார்க்கப் போனபோது மேஸ்திரி வரவில்லை. முதல் கொட்டகை வரை நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அது வாசலிலேயே குந்தியிருந்தது. "வா" என்றார். தலையைத் தூக்கியது. எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மணிமாறனால் முடியவில்லை. ஒரு கோழி சோர்ந்து நின்றாலே அன்றைக்கே தண்ணீரில் மருந்து கலக்கிற கை அது. சும்மா இருந்து பழக்கமில்லை.

தீவன அறைக்குப் போனார். அலமாரியில் என்ரோ பாட்டில் இருந்தது. கோழிகளுக்குக் கழிச்சலோ சளியோ வந்தால் முதலில் எடுப்பது அதைத்தான். பூனை இரண்டு கோழி எடை இருக்கும் என்று மனசுக்குள் போட்டுக்கொண்டார். சீக்கிரம் குணமாகட்டும் என்று அதற்கும் மேலே கொஞ்சம் சேர்த்தார். ஊசியில்லாத சிரிஞ்சில் ஒரு மில்லி எடுத்து, பூனையை மடியில் போட்டு, கடைவாயில் விட்டார். அது எச்சிலை வடித்துத் தலையை உதறியது.

"அவ்வளவுதான் சாமி. ஆச்சு" என்று அதன் வாயைத் துண்டால் துடைத்துவிட்டார்.

காலை ஒரு மில்லி, மாலை ஒரு மில்லி. மூன்று நாள். அத்தாயிக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மேஸ்திரி இரண்டு முறை வாந்தி எடுத்தது. மாலையில் நடுவீட்டில் நடந்து வந்து நேராகச் சுவரில் முட்டிக்கொண்டது. ஒரு நிமிடம் அப்படியே நின்றது. பிறகு சுவர் ஓரமாகவே நடந்து போய் மூலையில் படுத்துக்கொண்டது.

"கெறக்கமாட்ட இருக்குதுங்க" என்றாள் அத்தாயி.

மணிமாறன் பூனையின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் வழியே விழுந்த சாய்வெயிலில் கோடு மாதிரி ஒடுங்கியிருக்க வேண்டிய பாவை, இரண்டு கண்ணிலும் கறுப்புப் பொத்தானாக விரிந்து கிடந்தது.

*

திங்கட்கிழமை காலை சின்னண்ணன் ஒரு நீலப் பிளாஸ்டிக் கிரேட்டைக் கழுவி எடுத்து வந்து காரின் அருகில் வைத்தார். முட்டை விடுவது நின்றுபோன கோழிகளைக் கறிக்கடை வண்டியில் ஏற்றுகிற கிரேட்.

"அதை அக்கட்டால வையி சின்னண்ணா" என்றாள் அத்தாயி. "அதுல போனது எதுவும் திரும்பி வந்ததில்லை."

காய்கறி வாங்கப் போகும் ஒயர் கூடையில் பழைய சேலையை மடித்து விரித்து, மேஸ்திரியை அதில் உட்காரவைத்து, மடியிலேயே வைத்துக்கொண்டாள். ராசிபுரம் தாண்டும்வரை அது ஒரு சத்தமும் போடவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. காரில் ஏற்றினால் ஊரைக் கூட்டுகிற பூனை அது.

நாமக்கல்லில் பரமத்தி ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் கிருத்திகாவுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். மேஜைமேல் மேஸ்திரியைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார். பிறகு சின்ன டார்ச் எடுத்துக் கண்ணில் அடித்தார். ஒரு முறை. மறுபடியும். கையை வேகமாக முகத்துக்கு நேரே கொண்டுபோனார். மேஸ்திரி இமைக்கவில்லை.

"எப்போ இருந்தும்மா பார்வை இல்லை?"

"பார்வையா?" என்றாள் அத்தாயி. "பார்வை நல்லா இருக்குங்களே. நேத்து செவுத்துல..."

பாதியில் நிறுத்திவிட்டாள்.

டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டுக் கேட்டார். "இதுக்கு முன்னாடி ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

மணிமாறன் வாயைத் திறந்தார். அதற்குள் அத்தாயி முந்திக்கொண்டாள். "இல்லைங்க டாக்டரம்மா. எங்க வீட்டுக்காரரு கோழிப்பண்ணைக்காரரு. அதனால மொதல்லயே சொல்லிப் போட்டேன், கோழி மருந்து எதையும் இவனுக்குக் குடுக்கக் கூடாதுன்னு. அவரு குடுக்கலைங்க."

எவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள். டாக்டர் அவரைப் பார்த்தார். மணிமாறன் ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினார்.

ரத்தம் எடுத்தார்கள். முக்கால் மணி நேரத்தில் காகிதம் வந்தது. டாக்டர் அவர்கள் இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"சிறுநீரகம் பழுதாயிருக்கும்மா. வயசான பூனைங்களுக்கு நெறைய வர்றதுதான். அதனாலதான் அவ்வளவு தண்ணி குடிக்கிறான், எளைச்சுட்டான். இந்த அளவு மட்டும் இருந்தா சலைன் ஏத்தி, சாப்பாட்டை மாத்தி, கொஞ்ச நாள் நல்லாவே வெச்சிருக்கலாம்னு சொல்லுவேன். ஆனா கண்ணு போயிருக்கு. சிறுநீரகம் ரொம்பக் கெட்டா ரத்த அழுத்தம் ஏறும். அது கண்ணைத் தாக்கினா ஒரே நாள்ல பார்வை போயிடும். பூனைக்கு அழுத்தம் பார்க்கிற கருவி எங்ககிட்ட இல்லை. ஆனா இதைப் பார்த்தா, வியாதி ரொம்ப தூரம் போயிருச்சுன்னுதான் நெனைக்கிறேன். வாந்தி வேற எடுக்கிறான்."

"அப்ப என்னங்க பண்றது?" என்றாள் அத்தாயி.

"அஞ்சு நாள் இங்கயே வெச்சு டிரிப் போட்டுப் பார்க்கலாம். கூண்டுல இருக்கணும். பலன் இருக்கும்னு என்னால சொல்ல முடியலை. இல்லைன்னா..." டாக்டர் மேஸ்திரியின் காதுக்குப் பின்னால் சொறிந்தார். "வலி தெரியாம தூங்கவெச்சுடலாம். ஒரே ஊசி. நீங்க பக்கத்துலயே இருக்கலாம். அவசரமில்லை. வெளியில உட்கார்ந்து பேசிட்டு வாங்க."

*

வெளியே வேப்பமரத்துக்குக் கீழே ஒரு சிமென்ட் பெஞ்சு. யாரோ ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். அத்தாயி கூடையை மடியில் வைத்துக்கொண்டு, சேலைக்குள் கைவிட்டு மேஸ்திரியின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

மணிமாறன் குனிந்து கூடைக்குள் பார்த்தார்.

"ஒரு கோழிக்குன்னா இந்நேரம் முடிவு சொல்லியிருப்பீங்க" என்றாள். அவள் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாள். கோழியின் பின்னெலும்பில் இரண்டு விரலை வைத்துப் பார்த்து, இது இருக்கட்டும், இது போகட்டும் என்று அவர் பிரிப்பதற்கு மூன்று விநாடி ஆகாது. ஒரே காலையில் ஆயிரம் கோழியைப் பிரித்திருக்கிறார். அன்றைக்கு மதியம் நன்றாகச் சாப்பிட்டும் இருக்கிறார்.

"கண்ணும் போயி, கூண்டுலயும் கெடந்து, இவன் சீரழிய வேண்டாமுங்க" என்றாள். "ராசாவாட்ட இருந்தான். அப்படியே போவட்டும். வியாதி முத்திப்போச்சுன்னு அந்தம்மாவே சொல்றாங்க. நாம நம்ம ஆசைக்குப் புடிச்சு வெக்கக் கூடாது."

மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

வியாதி முத்தியதால் கண் போனது என்று டாக்டர் நினைக்கிறார். கண் போனதால் வியாதி முத்திவிட்டது என்று அத்தாயி நினைக்கிறாள். கண் எப்போது போனது என்று மணிமாறனுக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் மேஸ்திரி அவரைப் பார்த்துத் தலையைத் தூக்கியது. அப்போது அதன் பாவை ஊசிக்கோடாக இருந்தது.

சும்மா இருந்தால் போதும். ஒரு ஊசியோடு முடிந்துவிடும். மேஸ்திரிக்கும் வலியில்லை. அத்தாயி அழுவாள், பத்து நாளில் தேறிவிடுவாள். வீட்டுக்காரர் தன் பேச்சைக் கேட்டார் என்ற நம்பிக்கை அவளுக்கு அப்படியே இருக்கும். யாரும் கேட்கப் போவதில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் கூடைக்குள் கிடக்கிறது.

"வாங்க" என்று அத்தாயி எழுந்தாள்.

உள்ளே டாக்டர் ஒரு தாளை எடுத்து வைத்தார். சம்மதக் கடிதம். அத்தாயி பேனாவை வாங்கினாள். மேஜைமேல் மேஸ்திரி அவள் கை இருக்கும் திசையை மோந்து பார்த்து, மணிக்கட்டில் முகத்தை உரசியது.

"டாக்டரம்மா" என்றார் மணிமாறன். "நான் மருந்து குடுத்தேனுங்க."

அத்தாயியின் கை நின்றது.

"வெள்ளிக்கிழமையிலிருந்து. ஊட்டுல தெரியாதுங்க. என்ரோ. கோழிக்குக் குடுக்கற பத்து சதவீதம். ஒரு மில்லி. காத்தால ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஆறு வேளை ஆச்சுங்க." ஒரே மூச்சில் சொன்னார். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்தவர் போல. "வெள்ளிக்கிழமை காத்தால வரைக்கும் கண்ணு தெரிஞ்சுதுங்க. எனக்கு நல்லாத் தெரியும்."

டாக்டர் கிருத்திகா திட்டவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒவ்வொன்றாகக் கேட்டார். பாட்டில் எப்போது வாங்கியது, தண்ணீரில் கலந்தா, அப்படியேவா, வாந்தி எப்போது தொடங்கியது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஐயா, இந்த மருந்து அளவு மீறினா பூனையோட கண்ணுக்குள்ள இருக்கிற படலத்தைக் கெடுத்துடும். கோழிக்கு ஒண்ணும் ஆகாது. பூனைக்கு ஆகும். நீங்க குடுத்தது ஒரு வேளைக்கே அளவை விட ஆறேழு மடங்கு. சிறுநீரகம் பழுதாயிருந்ததால அது வெளியே போகவும் வழியில்லை. வாந்திகூட அதனால இருக்கலாம்."

"அப்ப வியாதி முத்தலைங்களா?"

"சிறுநீரகம் கெட்டது கெட்டதுதான். அது உங்க மருந்தால வந்ததில்லை. ஆனா கண்ணை வெச்சுதான் கடைசிக் கட்டம்னு நான் சொன்னேன். இப்போ அதை என்னால சொல்ல முடியாது. நீங்க சொல்லலைன்னா தப்பான காரணத்துக்கு ஊசி போட்டிருப்பேன்."

அத்தாயி புருஷனைப் பார்க்கவே இல்லை. டாக்டரிடம் மட்டும் கேட்டாள். "கண்ணு திரும்பி வருங்களா?"

"வராதுன்னே வெச்சுக்குங்கம்மா."

"கண்ணு தெரியாத பூனை பொழைக்குமா?"

"பொழைக்கும். மீசை இருக்கு, காது இருக்கு, மூக்கு இருக்கு. வீட்டுல சாமானை எடம் மாத்தாம வெச்சா ஒரு வாரத்துல எல்லாம் பழகிடுவான். அவனுக்குப் பசி எடுக்குதாங்கிறதுதான் கேள்வி. பத்து நாள் பார்க்கலாம். இன்னைக்குப் பகல் பூரா இங்க டிரிப் போடறேன். அப்புறம் தினமும் ஒரு வேளை வீட்டுல தோலுக்கு அடியில சலைன் ஏத்தணும். பத்தாவது நாள் கொண்டு வாங்க. அதுக்குள்ள தெம்பு வந்தா தொடரலாம். வரலைன்னா அப்போ நானே சொல்றேன், போதும்னு."

அத்தாயி வெகுநேரம் மேஸ்திரியின் நெற்றியை ஒற்றை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"பத்து நாளுங்க" என்றாள் கடைசியில்.

மாலையில் டாக்டர் ஊசி போடும் விதத்தைச் சொல்லிக் கொடுக்க வந்தபோது லேசாகச் சிரித்தார். "உங்களுக்கு இதெல்லாம் சொல்லித் தரணுமா ஐயா. கோழிக்குக் கழுத்துத் தோல்ல தடுப்பூசி போட்ட கைதானே."

"சொல்லிக் குடுங்க டாக்டரம்மா" என்றார் மணிமாறன். "நான் கோழிக்குத்தான் போட்டிருக்கேன்."

*

வீடு வரும்வரை அத்தாயி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. அடுத்த நாள் காலையில்தான் அவள் குரல் கேட்டது. பேசியது பூனையிடம்.

"மேஸ்திரி, உங்கய்யாகிட்டச் சொல்லு, காப்பி ஆறுதுன்னு."

மணிமாறன் காப்பியை எடுத்துக்கொண்டார். பதில் யாரிடம் சொல்வது என்று ஒரு கணம் தடுமாறினார். பிறகு அவரும் பூனையிடமே சொன்னார். "ஆத்தாகிட்டச் சொல்லு, குடிச்சுட்டேன்னு."

அப்படித்தான் போனது. பதினோரு மணிக்கு முட்டை எடுக்கும் வேலை முடிந்ததும், அத்தாயி கட்டிலில் உட்கார்ந்து மேஸ்திரியை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். மணிமாறன் சலைன் பாட்டிலை ஜன்னல் கம்பியில் மாட்டி, தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, ஊசியைச் செருகுவார். கோழிக்குப் போடும்போது நிமிடத்துக்கு இருபது போடுகிறவர். இதற்கு ஒவ்வொரு நாளும் அவர் நெற்றியில் வேர்வை கோத்தது. தோலுக்கடியில் தண்ணீர் மெதுவாக முட்டை அளவுக்குப் புடைத்துக்கொண்டு வரும். மேஸ்திரி துணிமூட்டை மாதிரிப் படுத்திருக்கும். ஒரு முறைகூட உதறவில்லை, முனகவில்லை. டாக்டர் கொடுத்த கூழ் மாதிரியான தீனியை சிரிஞ்சில் வாயில் விட்டால் விழுங்கும். அவ்வளவுதான்.

"கொஞ்சமாச்சும் எதிர்த்தா தேவலை" என்று நான்காம் நாள் மணிமாறன் சொன்னார். இதைப் பூனையிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை.

சின்னண்ணனுக்கு எல்லாம் தெரிந்துபோயிருந்தது. "ஏனுங்க, அம்மா பூனைகிட்டப் பேசறாங்க, நீங்க பூனைகிட்டப் பேசறீங்க. நான் ஒரு நாள் லீவு கேக்கணும். பூனைகிட்டயே கேட்டுக்கட்டுங்களா?"

"போயி வேலையப் பாரு சின்னண்ணா."

"பாக்கறனுங்க. மேஸ்திரி படுத்ததுல இருந்து எல்லாரும் குந்தீட்டுத்தான் இருக்கறாங்க."

மேஸ்திரிக்காக வீட்டில் எதுவும் இடம் மாறக் கூடாது. மணிமாறன் செருப்பை ஒரு நாளும் ஒரே இடத்தில் விட்டவரில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் எழுந்து போகும்போது திருப்பிப் போட மாட்டார். முப்பது வருடமாக அத்தாயி சொல்லி அலுத்த விஷயம். இரண்டாம் நாள் அவர் விட்டுப்போன நாற்காலிக் காலில் மேஸ்திரி மூக்கை இடித்துக்கொண்டது. அன்றைக்கு மணிமாறன் ஒரு சாக்குக்கட்டியை எடுத்து, கட்டில், நாற்காலி, ஸ்டூல் எல்லாவற்றின் கால்களையும் சுற்றித் தரையில் கோடு போட்டார். எழுந்தால் கோட்டுக்குள் காலைச் சரியாக வைத்துவிட்டுத்தான் போனார். அத்தாயி பார்த்தாள். வீடு பெருக்கும்போது கோடு அழியாமல் பெருக்கினாள்.

ஆறாம் நாள் பக்கத்துப் பண்ணை தமிழரசு மருந்து வாங்கிப்போக ஒரு பையோடு வந்தான். வீட்டு நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். "ஏதாச்சும் ஒரு மருந்து குடுங்கண்ணா" என்றான். மணிமாறன் திண்டாடிப்போனார். உள்ளே அத்தாயி அரிவாள்மனையில் வெங்காயம் அரிகிற சத்தம் நின்றது.

"நாமக்கல்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்க. நம்பர் தாரேன். எழுதிக்க" என்றார் மணிமாறன். அவன் எழுதி முடித்ததும், "போகற வரைக்கும் எதையும் குடுத்துப் போடாத. நான் குடுத்துத்தான் எங்க மேஸ்திரி கண்ணு போச்சு" என்றார்.

வெங்காயம் அரிகிற சத்தம் உடனே தொடரவில்லை.

அன்றிரவு தட்டில் அவருக்கு வழக்கமான ஒரு முட்டைக்குப் பதில் இரண்டு இருந்தது. "மேஸ்திரி, பருப்புல உப்பு கம்மின்னு சொல்லு" என்றார். "உப்பு டப்பா எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும்னு சொல்லு" என்று பதில் வந்தது.

ஏழாம் நாளும் எட்டாம் நாளும் மாற்றம் இல்லை. மேஸ்திரி சுவர் ஓரமாக நடந்து தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போகும். குடிக்கும். திரும்பி வந்து படுக்கும். தானாக எதையும் தின்னவில்லை. எட்டாம் நாள் சாயங்காலம் அத்தாயி கொல்லைப்பக்கம் மாதுளைச் செடிக்கு அருகில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததை மணிமாறன் பார்த்தார். இடம் பார்க்கிறாள் என்று புரிந்தது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒன்பதாம் நாள். பதினோரு மணி. அத்தாயி கட்டிலில் உட்கார்ந்தாள். மேஸ்திரியை மடியில் வைத்தாள். மணிமாறன் பாட்டிலை மாட்டினார், தோலைத் தூக்கினார். நாளைக்கு இந்நேரம் நாமக்கல்லில் இருப்பார்கள். போதும் என்று டாக்டர் சொல்வார். சொன்னால் மறுத்துப் பேச அவருக்கு வாய் கிடையாது.

ஊசியைச் செருகினார்.

மேஸ்திரி சட்டென்று தலையைத் திருப்பியது. எங்கே கை இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆனால் வாசனை தெரியும். அடித்தொண்டையில் ஒரு உறுமல். அடுத்த கணம் அவருடைய கட்டைவிரலின் அடிச்சதையில் பல் இறங்கியது. மணிமாறன் "ஆ" என்றார். ஊசி கழன்று சலைன் கட்டிலெல்லாம் பீய்ச்சியடித்தது. மேஸ்திரி அத்தாயியின் மடியிலிருந்து குதித்தது. தரையில் நின்று முதுகை வளைத்து, தோலை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து, இந்த வீட்டில் யாருக்கும் வேலை தெரியவில்லை என்பது போல ஒரு நீளக் கத்தல் கத்தியது. பிறகு ஸ்டூலின் காலை மீசையால் தொட்டு, விலகி, வாலைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனது. அங்கே காலையில் வைத்து, தொடாமல் கிடந்த மீன் தட்டு நகர்கிற சத்தம் கேட்டது.

மணிமாறன் கையைப் பார்த்தார். நாலு பொட்டாக ரத்தம் வந்துகொண்டிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"கடிச்சுட்டான்" என்றார். "பாத்தியா புள்ள? எப்படிக் கடிச்சான் பாரு."

அத்தாயி எழுந்து சலைன் குழாயை மூடினாள். அவர் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தாள்.

"நல்லா வேணும்" என்றாள்.

மணிமாறன் அவளைப் பார்த்தார். அவள் பூனையிடம் சொல்லவில்லை. பூனை சமையலறையில் இருந்தது.

"சோப்புப் போட்டு நல்லாக் கழுவுங்க. அவனுக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், ஆசுபத்திரிக்குப் போயி நீங்களும் ஒண்ணு போட்டுக்கோணும். ஊசி குத்துனா எப்படி இருக்கும்னு உங்களுக்கும் தெரியட்டும்."

"போட்டுக்கறேன்" என்றார். குழாயடிக்குப் போய்த் திருப்பினார். தண்ணீர் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டார். "நாளைக்கு டாக்டரம்மாகிட்ட என்ன சொல்றது?"

அத்தாயி சமையலறை வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்த முந்தானை கையிலேயே இருந்தது.

"கடிச்சான்னு சொல்லுங்க" என்றாள்.